காமகுரா: நிலத்துக்குக் காவல் நின்ற சாமுராய் அரசு

ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய எண்களைச் சொற்களாக மாற்றிக்கொள்வார்கள். ‘இயி குனி’ என்றால் ‘நல்ல நாடு’. அதே ஒலிகளை எண்களாகப் படித்தால் 1192. ‘நல்ல நாடு அமைப்போம், காமகுரா ஆட்சி’ என்று சொல்லிச் சொல்லியே பல தலைமுறைகள் அந்த ஆண்டை நெஞ்சில் பதித்துக்கொண்டன. கிழக்கே காமகுரா என்ற ஊரிலிருந்து ஆண்ட மினமோட்டோ யோரிடோமோ என்ற போர்வீரர் தலைவருக்குத் தலைநகர் கியோட்டோவின் அரசவை ‘ஷோகன்’, அதாவது பெரும் படைத்தலைவர் என்ற பட்டம் கொடுத்த ஆண்டு அது. இப்போது பாடப்புத்தகங்கள் 1185ஐ முன்னுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. பிள்ளைகளும் ‘இயி ஹாகோ’, அதாவது ‘நல்ல பெட்டி’ என்று மாற்றிப் படிக்கிறார்கள்.

இந்த ஏழு ஆண்டு வித்தியாசத்தை வெறும் தேதித் தகராறு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1192 என்று சொன்னால், பட்டம் கிடைத்த நாளில் அரசு பிறந்தது என்று பொருள். 1185இல் யோரிடோமோவுக்குக் கிடைத்தது பட்டமல்ல. ஊர் ஊராக நில அதிகாரிகளை நியமிக்கும் உரிமை. இந்த இரண்டில் எது அரசு? என் மனம் 1185இன் பக்கம்தான் சாய்கிறது. சாமுராய் என்றதும் நம் கண்ணில் வாளும் கவசமும் வந்து நிற்கின்றன. ஆனால் ஏறத்தாழ 150 ஆண்டுகள் நீடித்த இந்த ஆட்சியைத் தாங்கியது நிலப் பத்திரமும் வழக்குமன்றமும்தான். அந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் எழுச்சியும் வீழ்ச்சியும் ஒரே கதையாகத் தெரியும்.

முதலில் நிலத்தின் நிலைமையைப் பார்ப்போம். 12ஆம் நூற்றாண்டில் பேரரசர் கியோட்டோவில் இருந்தார். ஆட்சிப் பொறுப்பை முதலில் ஃபுஜிவாரா குடும்பமும், 1086க்குப் பிறகு அரியணையைத் துறந்த முன்னாள் பேரரசர்களும் கையில் வைத்திருந்தார்கள். நாட்டு நிலத்தில் பெரும் பங்கு ‘ஷோயென்’ எனப்பட்ட தனிப் பண்ணைகளாக மாறியிருந்தது. ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உழுது நடுகிறவர் ஒருவர். காடு திருத்தி, வாய்க்கால் வெட்டி, அங்கேயே வீடு கட்டி அந்த வயலை மேற்பார்ப்பவர் ஓர் உள்ளூர்த் தலைவர். மாகாண ஆளுநரின் வரிக்கு அஞ்சி அவர் அந்த நிலத்தைத் தலைநகரில் உள்ள ஒரு பிரபுவின் பெயரிலோ கோயிலின் பெயரிலோ ஒப்படைத்திருப்பார். அந்தப் பிரபுவும் தன் பாதுகாப்புக்காக இன்னும் பெரிய இடத்தை அண்டியிருப்பார். ஆக, ஒரே களத்து நெல்லில் நான்கைந்து பேருக்குப் பங்கு. நாம் இன்று ‘சொந்தக்காரர்’ என்று சொல்வதுபோல் யாரும் கிடையாது. அவரவருக்கு ஒரு ‘ஷிகி’ இருந்தது. ஒரு பொறுப்பும் அதனோடு ஒட்டிய வருமானமும் சேர்ந்ததுதான் ஷிகி.

இந்த அடுக்கில் எப்போதும் ஆடிக்கொண்டிருந்தது உள்ளூர்த் தலைவரின் இடம். நிலத்தைத் திருத்தியவர் அவருடைய பாட்டனாக இருக்கலாம். ஆனால் கியோட்டோவில் இருக்கும் பிரபுவுக்குப் பிடிக்காவிட்டால் ஒரே ஓலையில் வேறு ஆளைப் போட்டுவிடலாம். ஆளுநர் மாறினால் இன்னொரு ஆபத்து. பக்கத்து ஊர்க்காரன் எல்லையைத் தள்ளி வேலி போட்டால் அதைத் தடுக்க வில்லும் குதிரையும்தான் வழி. இப்படி நிலத்தைக் காக்க ஆயுதம் எடுத்த இந்த ஊர்த் தலைவர்களிலிருந்துதான் கிழக்குப் பகுதிச் சாமுராய்கள் வளர்ந்தார்கள். இன்று ஜப்பானியர் ‘முழு மூச்சாக’ என்ற பொருளில் ‘இஷ்ஷோகென்மெய்’ என்கிறார்களே, அதன் பழைய வடிவத்துக்கு ‘ஓர் இடத்துக்காக உயிரைப் பணயம் வைப்பது’ என்று அர்த்தம். அந்த ஓர் இடம் நிலம்தான்.

போர்வீரர் குடும்பங்களில் முதலில் உச்சிக்குப் போனது மினமோட்டோ அல்ல, டைரா. 1156இலும் 1159இலும் கியோட்டோவில் நடந்த இரண்டு அதிகாரச் சண்டைகளில் டைரா கியோமோரி ஜெயித்தார். 1167இல் அரசவையின் மிக உயர்ந்த அமைச்சர் பதவியைப் பிடித்தார். 1180இல் தன் மகள் வயிற்றுப் பேரனைக் குழந்தைப் பருவத்திலேயே பேரரசர் ஆக்கினார். ஆனால் அவர் ஏறிய ஏணி பழைய பிரபுக்களின் ஏணி. பதவிகளும் பண்ணைகளும் அவர் குடும்பத்துக்குக் குவிந்தன. கிழக்கில் இருந்த ஊர்த் தலைவனின் ஆட்டம் கண்ட நிலம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. ஆள்பவர் பெயர் மாறினாலும் அவனுக்கு ஒன்றும் மாறவில்லை.

கியோமோரியிடம் தோற்றுச் செத்த மினமோட்டோ யோஷிடோமோவின் மகன் யோரிடோமோவுக்கு அப்போது 13 வயது. தலை போயிருக்க வேண்டியது. கியோமோரியின் மாற்றாந்தாய் இரக்கப்பட்டுக் கெஞ்சியதால் உயிர் பிழைத்து, கிழக்கே இஸு தீபகற்பத்துக்கு நாடு கடத்தப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. அங்கே 20 ஆண்டுகள். அவரைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்த உள்ளூர்க் குடும்பங்களில் ஒன்று ஹோஜோ. அந்த வீட்டுப் பெண் மசாகோ தந்தை டோகிமாசாவின் எதிர்ப்பை மீறி, நாடு கடத்தப்பட்ட இந்தக் கைதியைக் கைப்பிடித்தார். இருண்ட இரவில் கொட்டும் மழையில் அவரிடம் வந்து சேர்ந்ததை மசாகோவே பிற்பாடு நினைவுகூர்ந்ததாக அந்த ஆட்சியின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. இந்தப் பெண்ணை மறந்துவிடாதீர்கள். கதையின் பாதி இவர் கையில் இருக்கிறது.

1180இல் டைராக்களுக்கு எதிராக ஓர் இளவரசரின் அழைப்பு வந்ததும் யோரிடோமோ எழுந்தார். இஷிபாஷியாமா மலைச்சரிவில் படுதோல்வி. படகேறி அவா மாகாணத்துக்குத் தப்பினார். ஆனால் சில வாரங்களிலேயே பெரும்படையோடு திரும்பி வந்து காமகுராவில் நுழைந்தார். எப்படி? சிபா, கஸுசா, மியுரா போன்ற கிழக்குக் குடும்பங்கள் அவரோடு சேர்ந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, இவர்களில் பலரும், ஹோஜோ உட்பட, டைரா வம்சாவளி சொல்லிக்கொண்டவர்கள். இதை மினமோட்டோவுக்கும் டைராவுக்கும் நடந்த குலச்சண்டை என்று மட்டும் படித்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் வந்தது குலத்துக்காக அல்ல. அதே ஆண்டின் பத்தாம் மாதம், அரசவையின் பார்வையில் வெறும் கலகக்காரராக இருந்த யோரிடோமோ, தன்னோடு நின்றவர்களின் நிலங்களை உறுதிசெய்து, எதிரிகளிடம் பறித்ததைப் பங்கிட்டுக் கொடுத்தார். கியோட்டோவை யாரும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த அரசின் கரு விழுந்தது அந்த நாளில்தான்.

இன்னொரு முடிவும் அப்போதே நடந்தது. ஃபுஜி ஆற்றங்கரையில் டைரா படை, நீர்ப்பறவைகள் கூட்டமாகப் பறந்த சத்தத்தைக் கேட்டு எதிரி வந்துவிட்டான் என்று மிரண்டு ஓடியதாகச் சொல்வார்கள். யோரிடோமோ விரட்டிக்கொண்டு கியோட்டோவுக்கே போக நினைத்தார். கூட இருந்த தலைவர்கள் தடுத்தார்கள்: முதலில் கிழக்கைக் கையில் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் கேட்டார். கேட்டதால்தான் இன்னொரு கியோமோரி ஆகாமல் தப்பினார்.

காமகுரா மூன்று பக்கம் மலையும் தெற்கே கடலும் சூழ்ந்த சின்ன இடம். மலையைக் குடைந்து வெட்டிய குறுகலான வழிகளில்தான் உள்ளே வர முடியும். போர்த் தெய்வம் ஹச்சிமானின் கோயிலிலிருந்து கடற்கரைக்கு நேராக ஓடும் பெரிய வீதியை 1182இல் மசாகோவின் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு யோரிடோமோ போட வைத்தார். அந்த வீதி இன்றும் இருக்கிறது.

போர் ஐந்து ஆண்டுகள் இழுத்தது. களத்தில் பெரும் வெற்றிகளை வாங்கிக் கொடுத்தவர் தம்பி யோஷிட்சுனே. 1185 வசந்தத்தில் டன்னோவுரா கடற்போரில் டைரா குலம் அழிந்தது. ஆறு வயதுப் பேரரசர் அன்டோக்குவைப் பாட்டி தூக்கிக்கொண்டு கடலில் குதித்தார். அந்தக் குழந்தையின் முடிவு இன்றும் ஜப்பானியர் மனத்தை அறுக்கிற ஒன்று. ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏன் பிளவு வந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். யோரிடோமோவின் அனுமதி இல்லாமல் யோஷிட்சுனே அரசவையிடம் நேரடியாகப் பதவி வாங்கிக்கொண்டார். வீரனுக்குப் பரிசு காமகுரா வழியாக மட்டும்தான் வர வேண்டும் என்ற விதி உடைந்தால் யோரிடோமோவின் கட்டடமே சரிந்துவிடும். தப்பி ஓடிய தம்பியைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லித்தான் 1185இன் இறுதியில் மாகாணங்களுக்கு ‘ஷுகோ’ எனும் காவல் தலைவர்களையும், பண்ணைகளுக்கு ‘ஜிடோ’ எனும் நில மேலாளர்களையும் நியமிக்கும் உரிமையை அரசவையிடம் பெற்றார். யோஷிட்சுனே 1189இல் வடக்கே ஹிராய்ஸுமியில் உயிரை விட்டார். அவருக்கு அடைக்கலம் கொடுத்த வடக்கு ஃபுஜிவாரா குடும்பத்தையும் யோரிடோமோ அதே ஆண்டு துடைத்தெறிந்தார்.

ஜிடோ என்பது வேலையளவில் புதிதல்ல. வரி வசூல், ஊர்க்காவல், நீர்ப்பாசன மேற்பார்வை எல்லாம் பழைய ஊர்த் தலைவர் செய்ததுதான். புதிது ஒன்றே ஒன்று: இனி அவரை நீக்கும் அதிகாரம் கியோட்டோ பிரபுவுக்கு இல்லை, காமகுராவுக்கு மட்டும்தான். பிரபுவுக்குச் சேர வேண்டிய நெல் போய்ச் சேர வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் நினைத்த நேரத்தில் ஜிடோவை எழுப்பி அனுப்ப முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தூக்கம் கெட்ட ஒரு கூட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். பதிலுக்கு அவர்கள் ‘கோகெனின்’, அதாவது காமகுராவின் நேரடி ஆட்களாகி, போரில் படைக்கு வர வேண்டும், முறைவைத்துக் கியோட்டோவைக் காவல் காக்க வேண்டும்.

அந்தக் காகிதத்துக்கு இருந்த மதிப்பைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். 1192இல், ஷோகன் பட்டம் வந்த கையோடு, யோரிடோமோ தன் கையொப்பமிட்ட பழைய ஆவணங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நிர்வாக அலுவலகம் முறைப்படி வழங்கும் புதிய ஆவணங்களைக் கொடுக்க ஆரம்பித்தார். சிபா ட்சுனெடானே என்ற முதிய தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தர்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் பின்னாளில் எப்படிச் சான்றாகும்? உங்கள் கையொப்பம் இருந்தால்தான் என் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நிற்கும் என்று கேட்டு, தனியாக யோரிடோமோவின் கையொப்பத்தோடு ஒன்றை வாங்கிக்கொண்டுதான் விட்டார். 1180இல் தோற்று வந்தவருக்குத் தோள் கொடுத்தவர் அவர். அவர் கேட்ட கூலி அந்த ஒரு கையொப்பம்.

அலுவலகம் என்று சொன்னேன். இந்த அரசின் உறுப்புகள் மூன்று: 1180இல் வந்த படைவீரர் மன்றம், 1184இல் வந்த நிர்வாக அலுவலகம், அதே ஆண்டில் வந்த வழக்கு அலுவலகம். முதலாவதை வாடா யோஷிமோரி என்ற கிழக்கு வீரர் நடத்தினார். மற்ற இரண்டுக்கும் கியோட்டோவிலிருந்து எழுத்தர் குலத்தவரான ஓயே ஹிரோமோட்டோவையும் மியோஷி யாசுனோபுவையும் வரவழைத்தார்கள். வாள் பிடிக்கத் தெரிந்தவர்களிடம் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. இதை உணர்ந்து ஆள் தேடியது யோரிடோமோவின் பெரிய கெட்டிக்காரத்தனம். ‘பகுஃபு’, அதாவது கூடார அரசு என்று நாம் இன்று சொல்லும் பெயரை அன்றைய மக்கள் இந்த ஆட்சிக்குப் பொதுவாகப் பயன்படுத்தவில்லை. ‘கான்டோ’, கிழக்கு நாடு என்றே சொன்னார்கள்.

1199இல் யோரிடோமோ இறந்தார். அடுத்த 20 ஆண்டுகள் இரத்தம்தான். மூத்த மகன் யோரியியே பதவி இழந்து 1204இல் கொல்லப்பட்டார். இளையவர் சனெடோமோ, நல்ல கவிஞர், 1219இல் ஹச்சிமான் கோயில் படியருகே சொந்த அண்ணன் மகனின் வாளுக்கு இரையானார். இடையில் காஜிவாரா, ஹிகி, வாடா என்று கூட்டாளிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. மசாகோ கணவரையும் இரண்டு மகன்களையும் இழந்து, தலை மழித்த துறவியாக, தம்பி யோஷிடோகியோடு சேர்ந்து ஆட்சியை நடத்தினார். ஹோஜோ குடும்பம் இஸுவின் சாதாரண உள்ளூர்க் குடும்பம். ஷோகன் நாற்காலியில் உட்கார அவர்களுக்குக் குலப்பெருமை போதாது. அதனால் கியோட்டோவிலிருந்து ஃபுஜிவாரா வழிக் குழந்தை ஒன்றைக் கூட்டி வந்து ஷோகன் வரிசையில் வைத்துவிட்டு, ‘ஷிக்கென்’ என்ற செயலாட்சிப் பதவியில் ஹோஜோக்கள் உண்மையான அதிகாரத்தை நடத்தினார்கள். 1252க்குப் பிறகு பேரரசர் குடும்பத்து இளவரசர்களே ஷோகன்களாக வந்தார்கள்.

யோரிடோமோவின் நேரடி வாரிசு அற்றுப்போன இந்த நேரத்தில் முன்னாள் பேரரசர் கோ-டோபா தன் வாய்ப்பைப் பார்த்தார். அவர் முதலில் வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? தனக்குப் பிரியமான நடனப்பெண் கமேகிக்குவின் பண்ணைகளில், செட்ஸு மாகாணத்து நாகாயே, குராஹாஷி என்ற இரண்டு இடங்களில், ஜிடோவை நீக்க வேண்டும். அவ்வளவுதான். யோஷிடோகி மறுத்தார்: யோரிடோமோ கொடுத்த பதவியைக் குற்றம் செய்யாதவனிடமிருந்து பறிக்க முடியாது. இரண்டு பண்ணைக்காகவா பேரரசர் குடும்பத்தைப் பகைத்துக்கொள்வது என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். ஆனால் ஒரு ஜிடோவை விட்டுக்கொடுத்தால் அடுத்த நாள் எல்லா ஜிடோவின் காகிதமும் வெற்றுக் காகிதம்.

1221இல் கோ-டோபா யோஷிடோகியை ஒழிக்க ஆணை பிறப்பித்தார். பேரரசர் குடும்பத்துக்கு எதிராக வில்லெடுப்பது அன்றைய வீரனுக்குக் கை நடுங்கும் காரியம். கோகெனின்களைக் கூட்டி மசாகோ சொல்ல வைத்த வார்த்தைகள் ஜப்பானில் இன்றும் படிக்கப்படுகின்றன. மறைந்த தலைவர் உங்களுக்குச் செய்த உதவி மலையைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது. அவருக்கு முன் நீங்கள் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். கியோட்டோ பக்கம் போக விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். யாரும் போகவில்லை. மலைக் கணவாய்களில் காத்திருக்கலாம் என்று சிலர் யோசித்தபோது, உடனே கிளம்பச் சொன்னவர் கியோட்டோவில் பிறந்த எழுத்தர் ஹிரோமோட்டோ. யோஷிடோகியின் மகன் யாசுடோகி வெறும் 18 குதிரைவீரர்களோடு கிளம்பினார். வழியெல்லாம் படை சேர்ந்தது. ஆணை வந்த ஒரு மாதத்தில் கியோட்டோ விழுந்தது. கோ-டோபா ஒக்கி தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1239இல் அங்கேயே இறந்தார். மூன்று முன்னாள் பேரரசர்கள் தலைநகரை விட்டு வெளியேறினார்கள்.

காமகுரா சுமார் 3000 பண்ணைகளைப் பறித்தது. மேற்கு ஜப்பானிலும் கிழக்கு வீரர்கள் ஜிடோக்களாகக் குடியேறினார்கள். பழைய வருமான ஏற்பாடு தெளிவில்லாத இடங்களில் 11 சோ வயலுக்கு 1 சோ ஜிடோவுக்கு என்று அளவும் குறித்தார்கள். ஒரு சோ ஏறத்தாழ ஒரு ஹெக்டேர். கியோட்டோவின் ரோகுஹாராவில் ஹோஜோ பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள். இனி அடுத்த பேரரசர் யார் என்பதிலும் காமகுராவின் சொல் செல்லும். ஆனாலும் பேரரசர் பதவியை ஒழிக்கவில்லை, பண்ணை முறையையும் ஒழிக்கவில்லை. தங்கள் ஆட்களின் உரிமையே அந்த அடுக்கில் ஒரு படி என்பது அவர்களுக்குத் தெரியும். அடுக்கைக் கலைத்தால் தங்கள் படியும் போய்விடும்.

புது ஆட்கள், புது இடங்கள், ஓயாத வழக்குகள். 1232இல் யாசுடோகி 51 விதிகள் கொண்ட ‘கோசெய்பாய் ஷிகிமோகு’ என்ற சட்டத்தொகுப்பை வெளியிட்டார். சாமுராய்களுக்காகச் சாமுராய்கள் எழுதிய முதல் சட்டம் அது. ரோகுஹாராவில் இருந்த தம்பிக்கு அவர் எழுதிய விளக்கக் கடிதம் என்னை மிகவும் கவர்ந்தது. கியோட்டோவின் பழைய சட்டம் சீன எழுத்தில் கடினமாக இருக்கிறது. அது தெரிந்தவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. எளிய எழுத்து மட்டும் தெரிந்தவர்களும் முன்கூட்டியே புரிந்துகொள்ளத்தான் இதை எழுதினோம். அந்தப் பழைய சட்டத்தை இது மாற்றாது என்கிறார். தெரியாத சட்டத்தை வைத்து ஒருவனைத் தண்டிப்பது மிருகத்துக்குக் கண்ணி வைப்பதுபோல் என்ற அந்த எண்ணம் 13ஆம் நூற்றாண்டு ஆட்சியாளரிடம் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் வியப்பு.

விதிகளைப் பார்த்தால் ஊர் வழக்கத்தின் வாசனை அடிக்கும். ஒரு நிலத்தை 20 ஆண்டுகள் நடைமுறையில் அனுபவித்து வந்தவரை, பழைய காகிதத்தை நீட்டி இன்னொருவர் வெளியேற்ற முடியாது. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததை, அரசே உறுதிசெய்திருந்தாலும், பெற்றோர் திரும்ப வாங்கலாம். பிள்ளையில்லாத பெண் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து நிலத்தைக் கொடுக்கலாம். கியோட்டோ சட்ட அறிஞர்கள் ஏற்காத இந்த வழக்கத்தை யோரிடோமோ காலத்திலிருந்தே நடப்பது என்று சொல்லிச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மகள்களுக்கும் நிலத்தில் பங்கு இருந்தது. பெண் ஜிடோக்களும் இருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும் மன்றத்தார் சொந்தம், பகை, அச்சம் பார்க்காமல் நடப்போம் என்று தெய்வங்களின் பேரில் எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

வழக்கு எழுத்தில் நடந்தது. வழக்காடுபவர் மூன்று முறை மனுக் கொடுக்கலாம், எதிராளி மூன்று முறை பதில் கொடுக்கலாம், பிறகு நேருக்கு நேர் விசாரணை. இந்த நீதிமன்றத்தின் பெயர் எவ்வளவு தூரம் போயிருந்தது என்றால், போர்வீரர் குடும்பத்தோடு ஒட்டாத கியோட்டோக் கவிஞர் அபுட்சு, கணவர் விட்டுப்போன ஹரிமா மாகாணத்துப் பண்ணை உரிமை மூத்தாள் மகனிடம் போய்விட்டது என்று, 1279இல் காமகுராவுக்கே பயணம் செய்து வந்து வழக்குப் போட்டார். வழிப்பயணத்தை அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு ஜப்பானிய இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. தீர்ப்பைப் பார்க்காமலே அவர் இறந்தார். வழக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.

இதை வைத்து நீதி பொங்கி வழிந்த காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வயலில் உழுகிறவனுக்கு இந்த மன்றத்தின் வாசல் எளிதில் திறக்கவில்லை. 1275இல் கீ மாகாணத்து அடேகாவா பண்ணை விவசாயிகள், தட்டுத்தடுமாறிய எளிய எழுத்தில், 13 குற்றச்சாட்டுகளைப் பண்ணை உடையவருக்கு எழுதி அனுப்பினார்கள். ஜிடோ எங்களைத் தன் வேலைக்கே இழுத்துப்போவதால் உங்களுக்கு மரம் வெட்டித் தர முடியவில்லை. மறுத்தால் எங்கள் பெண்களின் காதை அறுப்பேன், மூக்கைச் சீவுவேன், முடியை வெட்டி மொட்டையாக்குவேன் என்கிறான். அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது. அழுகிற குழந்தையையும் ஜிடோவையும் ஜெயிக்க முடியாது என்று ஜப்பானில் பழமொழியே உண்டு.

1268இல் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் கடிதம் வந்தது. இன்னும் இருபதைத் தொடாத ஹோஜோ டோகிமுனே அந்த ஆண்டில்தான் ஷிக்கென் ஆனார். பதில் அனுப்பவில்லை. 1274இல் மங்கோலியப் படை ட்சுஷிமா, இக்கி தீவுகளைச் சூறையாடி, கியூஷு தீவின் ஹக்காட்டாவில் இறங்கிவிட்டுத் திரும்பியது. அடுத்த ஆண்டு வந்த தூதர்களை டோகிமுனே தலைவெட்டினார். 1276இலிருந்து ஹக்காட்டா விரிகுடாவில் சுமார் 20 கிலோமீட்டருக்குக் கல்மதில் எழுந்தது. எந்த மாகாணம் எந்தப் பகுதியைக் கட்ட வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். 1281இல் வந்த பெரும்படை அந்த மதிலைத் தாண்ட முடியாமல் வாரக்கணக்கில் தவித்து, கடைசியில் சூறாவளியில் அழிந்தது. ‘தெய்வக் காற்று’ என்று காற்றுக்கு மட்டும் புகழ் போய்ச் சேர்ந்தது. கல் சுமந்தவர்களையும் இரவில் படகில் போய் எதிரிக் கப்பல்களில் ஏறியவர்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இந்தப் போரை ஒரு சின்ன ஆளின் வழியாகப் பார்க்கலாம். ஹிகோ மாகாணத்து டகேசாகி சுயெநாகா நிலத்தகராறில் சொத்தை இழந்தவர். 1274இல் ஐந்தே குதிரைகளோடு எதிரிக் கூட்டத்தில் முதலாளாகப் பாய்ந்தார், காயப்பட்டார். ஆனால் அவருடைய சாதனை காமகுராவுக்குப் போன பட்டியலில் இல்லை. 1275இல் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குக் காசு சேர்த்து, கியூஷுவிலிருந்து காமகுராவுக்குப் புறப்பட்டார். சொந்தக்காரர்கள்கூட வழியனுப்ப வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அடாச்சி யாசுமோரி என்ற பெரிய அதிகாரியைப் பார்த்தார். பரிசுக்காக மட்டும் வரவில்லை. நான் முதலில் பாய்ந்தேனா இல்லையா என்று விசாரியுங்கள், பொய்யென்றால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். யாசுமோரி அவருக்கு ஜிடோ பதவியும் ஒரு குதிரையும் வாங்கிக் கொடுத்தார். தான் கண்டதையெல்லாம் ஓவியச் சுருளாக வரையவைத்து சுயெநாகா விட்டுச் சென்றதால்தான் அந்தப் போரின் முகம் இன்று நமக்குத் தெரிகிறது.

சுயெநாகாவுக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் வழியில்லை. 1185இலும் 1221இலும் தோற்றவன் நிலத்தை ஜெயித்தவனுக்குக் கொடுக்க முடிந்தது. மங்கோலியனைத் துரத்தினால் யாருடைய நிலத்தைப் பறிப்பது? ஒரு வயல்கூட வரவில்லை. ஆனால் கவசம், குதிரை, கல்மதில், பல்லாண்டுக் கடற்கரைக் காவல் எல்லாம் வீரன் சொந்தச் செலவு. வேண்டுதலால்தான் எதிரி ஒழிந்தான் என்று கோயில்களும் பரிசு கேட்டு வரிசையில் நின்றன.

வீட்டுக்குள்ளும் நிலம் சுருங்கியது. பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு பிரித்துப் பிரித்து, மூன்றாம் தலைமுறையில் ஒரு குதிரைவீரனைத் தாங்காத துண்டுகள் ஆயின. அப்புறம் ஒரே வாரிசுக்குக் கொடுக்கும் வழக்கம் வேர்விட்டது. பெண்களின் பங்கு அவர்கள் ஆயுள்வரை மட்டும் என்று குறைந்தது. இதில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள்தான். சீனச் செப்புக்காசு புழங்கிய சந்தையில் கடன் எளிதாகக் கிடைத்தது, அடமானம் மூழ்கியது. 1297இல் அரசு ஓர் ஆணை போட்டது: கோகெனின்கள் விற்ற, அடகுவைத்த நிலங்களைக் காசு திருப்பாமலே மீட்டுக்கொள்ளலாம். சக கோகெனின் வாங்கி 20 ஆண்டு ஆகியிருந்தால் விலக்கு. வீரர்கள் மகிழ்ந்தார்கள், கடன் கொடுப்பவர்கள் கதவை மூடினார்கள். அடுத்த ஆண்டே அரசு ஆணையின் சில பகுதிகளைக் கைவிட வேண்டியதாயிற்று. நிலத்துக்கு உறுதி சொல்லி வந்த அரசு, விற்பனைப் பத்திரத்தைத் தானே செல்லாததாக்கியது.

இத்தனைக்கும் நடுவில் ஹோஜோக்களின் பங்கு மட்டும் பெருத்தது. 1247இல் மியுரா குடும்பம் அழிந்தது. சுயெநாகாவுக்குக் காது கொடுத்த யாசுமோரியையே 1285இல் ஹோஜோ வீட்டுக் காரியக்காரர்கள் கொன்றார்கள். முக்கிய முடிவுகள் மன்றத்திலிருந்து ஹோஜோ தலைவரின் வீட்டுக் கூடத்துக்குப் போயின. கடைசியில் மாகாணக் காவல் பதவிகளில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு குடும்பத்தின் கையில். யாசுடோகி காலத்தில் பொது நடுவர் என்று நம்பப்பட்டவர்கள், இப்போது எல்லா வழக்கிலும் ஒரு தரப்பு ஆகிவிட்டார்கள்.

1331இல் பேரரசர் கோ-டைகோ எதிர்த்தார், பிடிபட்டு ஒக்கி தீவுக்குப் போனார். 1333இல் தப்பி வந்தார். அவரை ஒடுக்கக் காமகுரா அனுப்பிய அஷிகாகா டகாவுஜி, ஹோஜோ வீட்டு மாப்பிள்ளை, வழியிலேயே கட்சி மாறி ரோகுஹாராவை அழித்தார். கிழக்கே நிட்டா யோஷிசாடா படை திரட்டி, கடல் உள்வாங்கிய நேரத்தில் இனாமுராகசாகி முனையைச் சுற்றிக் காமகுராவில் புகுந்தார். ஹோஜோ டகாடோகியும் அவரைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோரும் டோஷோஜி கோயிலில் தீ மூட்டி உயிரை மாய்த்துக்கொண்டார்கள். யோரிடோமோவைக் காப்பாற்றிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் அன்று வெளியே, தாக்கும் பக்கம் நின்றார்கள்.

வென்ற கோ-டைகோ, நில உரிமை எதுவானாலும் இனித் தன் ஆணை வேண்டும் என்று அறிவித்தார். நாடெங்கும் இருந்து கூட்டம் கியோட்டோவுக்குக் கிளம்பியது. 1334இல் நிஜோ ஆற்றங்கரையில் யாரோ ஒட்டிவைத்த ஒரு சுவரொட்டி, தலைநகரில் அப்போது மலிந்து கிடந்தவற்றைப் பட்டியல் போடுகிறது: இரவுத் தாக்குதல், கொள்ளை, போலி ஆணைகள். அந்தக் கூட்டத்தில் இவர்களும் வருகிறார்கள்: பரம்பரை நிலத்தை விட்டுவிட்டு, பத்திரங்களை மெல்லிய கொடிக்கூடையில் போட்டுச் சுமந்தபடி, வழக்குச் சொல்ல வந்து நிற்கும் ஊர்க்காரர்கள். இரண்டே ஆண்டுகளில் கோ-டைகோவின் ஆட்சி சரிந்தது. 1336இல் புதிய சாமுராய் அரசை அமைத்த டகாவுஜி, யாசுடோகியின் 51 விதிகளை அப்படியே நடப்பில் வைத்துக்கொண்டார்.